வெர்லீன் காகின்ஸ் என்னை ஏற்றிச் சென்ற வழி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், அரை நூற்றாண்டாக என் பிடிவாதத்தையும் பொறுத்துக்கொண்டிருக்கும் அருமைச் சகோதரி யூலா ஸ்டின்சன் அவர்களே! மண்டபத்தின் கதவையும் மனத்தின் கதவையும் நமக்காகத் திறந்துவைத்த மவுண்ட் ஹெப்ரன் சபையின் போதகர் ஹார்வி டென்ட் அவர்களே! முன்வரிசையில் முத்துமாலையும் முறுவலுமாக வீற்றிருக்கும் மூத்த சகோதரியரே! பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய்மார்களே, பெறாமலே ஊர்ப் பிள்ளைகளை வளர்த்த தாய்மார்களே! செம்புநிற மேலங்கி அணிந்து செம்மாந்து அமர்ந்திருக்கும் என் சங்கத்துச் சகோதரிகளே! மனைவியரின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் ஒதுங்கியிருக்கும் கணவன்மார்களே! உங்களையும் நான் மறக்கவில்லை. நீங்கள் கோழி வறுவலுக்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்பதையும் மறக்கவில்லை. அனைவருக்கும் எர்னஸ்டீன் லாக்கெட்டின் அன்பு நிறைந்த வணக்கம்.

முதலிலேயே ஒரு விண்ணப்பம். பேச்சின் நடுவே நான் நின்றுபோவேன். தெரிந்த சொல்தான், தினமும் புழங்கிய சொல்தான், நாக்கு நுனிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அப்போது யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள். யூலா, உன்னைத்தான் சொல்கிறேன். சிரிக்காதே. காத்திருங்கள். வரும்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் மேக்கன் நகரத்துப் பள்ளிகளில் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் இருந்தவள் நான். காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்நூறு பிள்ளைகளைக் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதியில் நிறுத்தியவள். நம் கல்லூரிச் சகோதரிகள் சங்கத்தின் இந்த ஊர்க் கிளையில் பத்தொன்பது ஆண்டுகள் உறுப்பினர் சேர்க்கைக் குழுவுக்குத் தலைவி. பேச்சு என் படை, பேச்சு என் பட்டம், பேச்சே என் பெருமை! அந்தப் பெருமைக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் என்னைப் பற்றிச் சொல்ல வரவில்லை. அதோ, நாலாவது மேசையில், மேடைக்கு வா என்று மூன்று முறை கூப்பிட்டும் வராமல், தலையைக் குனிந்துகொண்டு கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரிக்கிறாளே, அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

யார் இந்த வெர்லீன் காகின்ஸ்?

இருபத்திரண்டு ஆண்டுகளாக நாற்பத்தொன்றாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவள். அதில் பதினோரு ஆண்டுகள் என் பள்ளிக்குத்தான் ஓட்டினாள். ஒரு நாள் தாமதம் கிடையாது. ஒரு பிள்ளை தவறியது கிடையாது. நாற்பத்து நான்காம் வயதில் கல்லூரியில் சேர்ந்தாள். பருவத்துக்கு ஒரே ஒரு பாடம். காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவில், பேருந்து நிறுத்துமிடத்தில், ஸ்டியரிங் மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்தாள். மழையா, படித்தாள். ஜூலை வெயிலா, கோடை வகுப்பு எடுத்துப் படித்தாள். ஐம்பத்தொன்றாம் வயதில் பட்டம் வாங்கினாள்.

வாங்கிய மறு ஆண்டே நம் சங்கத்துக்கு விண்ணப்பித்தாள். நம்மில் பெரும்பாலோர் கல்லூரியில் படிக்கும்போதே, பத்தொன்பது இருபது வயதில் சேர்ந்தவர்கள். ஆனால் பட்டம் பெற்ற பெண் எந்த வயதிலும் ஊர்க் கிளை வழியாகச் சேரலாம் என்று நம் சட்டப்புத்தகம் சொல்கிறது. அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ முறை மேடையில் வாசித்திருக்கிறேன். வாசித்ததை நம்பினேனா என்று அன்றுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

நேர்காணல் நடந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர். அந்தப் பக்கம் வெர்லீன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். நான் கண்ணாடியைக் கழற்றினால் என்ன அர்த்தம் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

"இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

அவள் சட்டையின் மடிப்பை நீவிவிட்டாள். பிறகு சொன்னாள்: "மேடம், என் பஸ்ல தினம் அறுபத்துமூணு புள்ளைங்க ஏறுது. அத்தனை பேரோட வீட்டு வாசலும் எனக்குத் தெரியும். என் வாசல் யாருக்குத் தெரியும்னு ஒரு நாள் யோசிச்சுப் பாத்தேன். ஒருத்தர் பேரும் வரல. எனக்குக் கூடப் பொறந்தவங்க இல்ல மேடம். அம்மாவும் போயிட்டாங்க. உங்க கூட்டத்தப் பாக்கறப்ப ஆசையா இருக்கு. அவ்வளவுதான்."

அவையோரே! இதைவிட நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. இதைவிட நேர்மையான பதிலை இந்தச் சங்கம் கேட்டிருக்க முடியாது. கேட்ட நான் என்ன செய்தேன்?

ரகசிய வாக்கெடுப்பு. ஐந்து... ஐந்து... பொறுங்கள்.

ஐந்து சீட்டுகள். பார்த்தீர்களா, வந்துவிட்டது. ஐந்து சீட்டுகளில் நான்கு 'ஆம்'. ஒன்று 'வேண்டாம்'. அந்த ஒன்று யார் எழுதியது என்று இரண்டு ஆண்டுகளாக இந்தக் கிளையில் கிசுகிசு. இன்று மைக்கில் சொல்கிறேன். நான் எழுதினேன்!

முணுமுணுக்காதீர்கள், முழுதும் கேளுங்கள். ஏன் எழுதினேன்? பேருந்து ஓட்டுகிறவள் என்பதாலா? இல்லை என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இளமையில் எங்களோடு சேர்ந்து கஷ்டப்படாதவள், எல்லாம் முடிந்த பிறகு மேலங்கிக்காக வருகிறாள் என்று நியாயம் பேசினேன். ஆனால் உள்ளே, ஆழத்தில், என் பள்ளி வாசலில் எனக்கு 'குட் மார்னிங் மேடம்' சொன்னவள், நாளை என் பக்கத்து நாற்காலியில் உட்காருவாளே என்ற அற்பம் இருந்தது. அற்பத்தை அற்பம் என்று சொல்ல எழுபத்திரண்டு வயதாகிவிட்டது எனக்கு.

நான்கு வாக்குகள் போதுமானவை. வெர்லீன் சேர்ந்தாள். சேர்ப்புச் சடங்கில் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். நான் கைகுலுக்க இரண்டு விரலை மட்டும் நீட்டினேன். சங்கத்தில் நாம் ஒருவரை ஒருவர் உறவு சொல்லித்தான் அழைப்போம். அவள் எல்லோரையும் அக்கா என்றாள். என்னை மட்டும் மேடம் என்றாள். நான் திருத்தவில்லை.

போன ஆண்டு ஜனவரி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காபிக் கோப்பையை எடுக்கப் போனேன், கை போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வந்தவர் ஜன்னல் வழியாக என்னைக் கண்டார், ஆம்புலன்ஸை அழைத்தார், பிழைத்தேன். மூளையில் ரத்தம் கட்டியது என்றார்கள். கை திரும்பியது. கால் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை.

யார் பேசினாலும் புரிந்தது. நான் பேசினால்தான் புரியவில்லை. தண்ணீர் என்று நினைப்பேன், வாயில் 'செவ்வாய்' என்று வரும். போ என்று நினைப்பேன், 'ஜன்னல்' என்று வரும். என் மகன் ரேமண்ட் சியாட்டிலில் இருந்து ஓடி வந்தான். அவன் பெயரைக் கூப்பிட நினைத்தேன். 'ஜன்னல்' என்றேன். நல்ல பிள்ளை, அவன் சிரித்துவிட்டு வெளியே போய் அழுதான்.

இந்தக் கிளையின் சகோதரிகள் சும்மா இருந்தார்களா? இல்லை! கேக் வந்தது, கீரை வந்தது, பூங்கொத்து வந்தது, பாத்திரம் பாத்திரமாகப் பாசம் வந்தது. நான்தான் ஒருவரையும் உள்ளே விடவில்லை. என் பேச்சைக் கேட்டுக் கைதட்டியவர்கள் என் உளறலைக் கேட்பதா? மாட்டேன். திரைச்சீலையை இழுத்து மூடினேன். தொலைபேசியை எடுக்கவில்லை. 'ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க' என்று சீட்டு எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பேச்சே போனவள் எப்படிக் கூப்பிடுவாள்? அன்பாகத்தான் எழுதினார்கள். ஆனால் எப்படிக் கூப்பிடுவாள்?

மருத்துவமனை ஏற்பாடு செய்த பேச்சுப் பயிற்சி எட்டு வாரத்தில் முடிந்தது. ரேமண்ட் ஒரு முடிவுக்கு வந்தான். "அம்மா, நீ தனியா இருக்கணும்னா அவசரத்துக்கு ஃபோன் பண்ணி உன் பேரையும் வீட்டு விலாசத்தையும் சொல்லத் தெரியணும். மே மாசக் கடைசில வரேன். அதுக்குள்ள சொல்ல முடிஞ்சா இங்கேயே இரு. முடியலன்னா என்கூட சியாட்டில் வந்துடு. அங்க நல்ல முதியோர் இல்லமெல்லாம் பாத்து வெச்சிருக்கேன்." அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஓக்மல்கி ஆற்றங்கரையில் பிறந்தவள், மகன் முகம் தவிர ஒரு முகமும் தெரியாத ஊரில், ஒரு சொல்லும் இல்லாத வாயோடு, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதா?

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பதரை மணி. கதவு தட்டப்பட்டது. விரல் அளவு திறந்து பார்த்தேன். வெர்லீன். காலை ஓட்டத்தை முடித்துப் பேருந்தை விட்டுவிட்டு, சீருடையோடு வந்திருந்தாள். எனக்குக் கோபம் பொங்கியது. போ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஜன்னல்!" என்றேன்.

"சரிங்க மேடம்," என்றாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நேராகப் போய் ஜன்னல் திரையை இழுத்துத் திறந்தாள். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். இரண்டு மாதம் இருட்டில் கிடந்த வீட்டில் வெளிச்சம் வந்து விழுந்தது. பிறகு என் எதிரே உட்கார்ந்தாள். எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. என்ன வேணும் என்று கேட்கவில்லை.

"மேடம், ரெண்டு மணிக்குத்தான் எனக்கு அடுத்த ட்ரிப். கோட்டுப் போட்டுக்குங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்," என்றாள்.

ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுடைய பழைய பச்சைக் காரில் ஏறினேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? நாற்பத்தொன்றாம் எண் பேருந்தின் வழியில் ஓட்டினாள். ஒரு நிறுத்தம் விடாமல் நிறுத்தினாள். பிள்ளைகள் இல்லாத தெருமுனை ஒவ்வொன்றிலும் காரை நிறுத்தி, "இது எந்த எடம் மேடம்?" என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

நான் பேசவில்லை. அவளும் நகரவில்லை. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அவருக்கு என்ன அவசரமோ, சுத்திப் போகட்டும்," என்றாள். அந்த வண்டி சுற்றிக்கொண்டு போனது. அடுத்த நிறுத்தம். அடுத்த மௌனம். பதினாறு நிறுத்தங்கள், பதினாறு மௌனங்கள். என்னை வீட்டில் இறக்கிவிட்டு, "நாளைக்கும் இதே நேரம்," என்றாள்.

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வியாழக்கிழமை, சலவைக் கடை இருக்கும் அந்த முனையில் கார் நின்றபோது, அங்கே எத்தனை ஆண்டு எத்தனை பிள்ளைகளைக் கூட்டிவந்து அவரவர் வீட்டில் விட்டிருக்கிறேன், அந்த நினைப்பிலா, கால்கள் அறிந்த வழி நாவுக்கு நினைவூட்டியதா, என் வாயிலிருந்து தெளிவாக, தெள்ளத்தெளிவாக ஒரு சொல் வந்தது. "பயோ நோனோ."

பயோ நோனோ அவென்யூ! உலகத்தில் எத்தனை அழகான சொற்கள் இருக்கின்றன! அம்மா இருக்கிறது, அன்பு இருக்கிறது, ஆண்டவர் இருக்கிறார். போதகர் மன்னிக்க வேண்டும், எனக்குத் திரும்பி வந்த முதல் சொல் ஒரு தெருவின் பெயர்.

வெர்லீன் துள்ளிக் குதிக்கவில்லை. "ஆமா மேடம்," என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினாள். அடுத்த முனைக்குப் போகும்வரை அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஏப்ரலில் நேப்பியர் வந்தது, அந்தோனி ரோடு வந்தது, ஹவுஸ்டன் வந்தது. ஒரு தெருவைப் பிடித்தால் அந்தத் தெருவில் குடியிருந்த பிள்ளையின் பெயர் வந்தது. பிள்ளையைப் பிடித்தால் அவன் செய்த குறும்பு வந்தது. துண்டு துண்டாகத்தான். ஆனால் வந்தது.

ஒரு நாள் காரின் பின் இருக்கையில் யூலா உட்கார்ந்திருந்தாள். நான் கதவைத் திறந்து இறங்கப் போனேன். வெர்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு விரலுக்குப் பிறகு முதல் முறையாக என்னைத் தொட்டாள். "மேடம், இவங்க அம்பது வருஷமா நீங்க பேசினதக் கேட்டவங்க. நீங்க திக்கினா ஓடிடுவாங்களா? எனக்கு அடுத்த வாரத்துல இருந்து புதன்கிழம ட்ரெய்னிங் இருக்கு. அன்னிக்கு யாரு உங்களக் கூட்டிட்டுப் போவா?" என்றாள். அவள் ஒரே ஆளாகச் செய்துவிட முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

யூலாவின் முன்னால் திக்கினேன். யூலா ஓடவில்லை. அடக்க முடியாமல் ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்து வெர்லீனிடம் வசைதான் வாங்கினாள். "அக்கா, நீங்க சொல்லிட்டா அவங்க எப்பச் சொல்லுவாங்க?" ஆமாம், இந்தக் கிளையின் தலைவியைத்தான்! அதன் பிறகு புதன்கிழமை யூலா, சனிக்கிழமை வேறொருத்தி, கோயில் முடிந்த ஞாயிறு இன்னொருத்தி. நம் கிளையில் பதினான்கு பேர் நாற்பத்தொன்றாம் எண் வழியை மனப்பாடம் செய்தார்கள். பேருந்தே ஏறாதவர்கள், பெரிய காரில் போகிறவர்கள், பதினாறு முனையிலும் நின்று பொறுமை படித்தார்கள். ஐம்பத்தொரு ஆண்டுகளாக இவர்கள் என் சகோதரிகள் என்று மேடைதோறும் முழங்கியிருக்கிறேன். அந்த வசந்தத்தில்தான் அவர்களைக் கண்டுபிடித்தேன்.

மே மாதம் இருபத்தொன்பது. ரேமண்ட் வந்தான். வாசலில் தன் காரில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தான். அவசர உதவிக்காரர் குரலில், "விலாசம் சொல்லுங்க," என்றான்.

எல்லாம் காலி. வெள்ளைத் தாள் மாதிரி வெறுமை. சமையலறை வாசலில் வெர்லீன் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். உதடு அசையவில்லை, விரல் அசையவில்லை. அவளுக்கும் முகம் வெளிறியிருந்தது. ஆனால் எடுத்துக்கொடுக்கவில்லை.

கண்ணை மூடினேன். மனத்துக்குள் பச்சைக் காரில் ஏறினேன். அந்தோனி ரோட்டில் திரும்பினேன், சலவைக் கடையைத் தாண்டினேன், ஒவ்வொரு முனையிலும் நின்றேன், காத்திருந்தேன், கிளம்பினேன். மகன் மறுமுனையில் மூச்சுவிடுவது கேட்டது. கார் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. கதவு எண் கண்ணில் பட்டது. படித்தேன். இருநூற்றுப் பதினேழு. தெருவைச் சொன்னேன். "எர்னஸ்டீன் லாக்கெட்," என்றேன்.

அவன் குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் கேட்டான்: "கூட யாராவது இருக்காங்களா?"

வெர்லீனின் பெயரைத் தேடினேன். அந்தப் பெயர் அன்றைக்கு வரவே இல்லை. வந்தது வேறு.

"தங்கச்சி," என்றேன். "என் தங்கச்சி இருக்கா."

தவறிப்போய் வந்த சொல்லா அது? 'ஜன்னல்' மாதிரி இடம் மாறி வந்த சொல்லா? இல்லை, அவையோரே! ஐந்து மாதத்தில் நான் சொன்னவற்றிலேயே சரியான சொல் அதுதான்.

மகன் உள்ளே ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "சரிம்மா, இங்கேயே இரு," என்றான். அன்று மாலை மூவரும் மேசையில் உட்கார்ந்து பீச் பழ இனிப்பைச் சாப்பிட்டபோது, நான் தட்டுத் தடுமாறி வெர்லீனிடம் அந்தச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். வேண்டாம் என்று எழுதியது நான்தான் என்றேன். அவள் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்க்கா. ரெண்டு விரல் குடுத்தது நீங்க ஒருத்தர்தானே," என்றாள்.

அக்கா என்றாள்! கேட்டீர்களா? அக்கா என்றாள்!

தெரிந்துதான் வந்திருக்கிறாள். தன்னை வேண்டாம் என்றவளின் கதவைத் தெரிந்துதான் தட்டியிருக்கிறாள். ஏன் வந்தாய் என்று கேட்டேன். "நம்ம கிளைல உடம்பு முடியாதவங்க பட்டியல்ல உங்க பேரு இருந்துச்சு. என் வீட்டுல இருந்து பக்கமா இருந்துச்சு," என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அதைவிடப் பெரிதாக அவள் எதையும் சொல்லமாட்டாள். அதனால்தான் நான் சொல்கிறேன்.

சகோதரிகளே! சங்கம் என்றால் என்ன? மார்பில் குத்திக்கொள்ளும் சின்னமா? மேலங்கியின் நிறமா? இருபது வயதில் சேர்ந்தாயா, ஐம்பது வயதில் சேர்ந்தாயா என்ற கணக்கா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவது கரிசனம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவது உறவு. வேண்டுமா என்று கேட்காதீர்கள், போங்கள்! அழைக்கட்டும் என்று இருக்காதீர்கள், போங்கள்! திட்டினால் திட்டட்டும், ஜன்னல் என்று கத்தினால் கத்தட்டும், போய்த் திரையை விலக்குங்கள்!

இன்று நம்மோடு புதிதாகச் சேரும் எட்டுப் பெண்கள் இடப்பக்கம் வெள்ளுடையில் அமர்ந்திருக்கிறார்கள். இளையவருக்கு முப்பத்தொன்பது. மூத்தவர் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு அறுபத்தாறு. இந்த வயதில் எதற்கு என்று இந்த மண்டபத்தில் யாராவது மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன் என்றும், பதில் எனக்குப் பதினாறு நிறுத்தங்களில் கிடைத்தது என்றும் சொல்லிக்கொள்கிறேன். வாருங்கள், சகோதரிகளே. கொஞ்சம் தாமதித்து வந்திருக்கிறீர்கள். அந்தத் தாமதத்தில் பாதி எங்களுடையது.

நிறைவாக ஓர் அறிவிப்பு. உறுப்பினர் சேர்க்கைக் குழுவின் தலைமையிலிருந்து நேற்றோடு நான் விலகிவிட்டேன். புதிய தலைவி வெர்லீன் காகின்ஸ். குழுவில் ஒரு சாதாரண உறுப்பினராக என்னைச் சேர்த்துக்கொள்ளும்படி என் கையாலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "குழுல மத்தவங்களையும் கேட்டுட்டுச் சொல்றேன்க்கா," என்றிருக்கிறாள்.

காத்திருந்து கேட்ட காதுகளுக்கும், காரோட்டிக் களைத்த கைகளுக்கும், கோழி ஆறிப்போனாலும் குறை சொல்லாத கணவன்மார்களுக்கும் என் நன்றி. அனைவருக்கும் வணக்கம். பசியோடிருப்பீர்கள், வாருங்கள், சாப்பிடலாம்.